டிரெய்லர் இல்லாத டிராக்டர் ஐஸில் வழுக்கினால்

தம்பி, கனடாவின் சட்பரியில் டிரெய்லரை விட்டுவிட்டு வெறும் டிராக்டரோடு, அதாவது டிரெய்லரை இழுக்கும் லாரித் தலைப்பகுதியோடு, டொரொண்டோ திரும்பும்போது, பிரேக்கை லேசாகத் தொட்டதுமே பின்பக்கம் விலகிப் போனது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே மனம் பதறியது. நல்லவேளை, பள்ளத்தில் இறங்கவில்லை.

பாப்டெயிலின், அதாவது டிரெய்லர் இல்லாமல் ஓடும் டிராக்டரின், குணமே அதுதான். எடை பெரும்பாலும் முன் அச்சில் இருக்கும். பின்னாலுள்ள எட்டு டயர்களையும் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சுமை இல்லை. பிரேக்கோ முப்பது நாற்பது டன்னை நிறுத்தச் செய்தது. கொஞ்சம் அழுத்தினாலே சக்கரம் பூட்டிக்கொள்ளும். காலி வண்டிதானே, சட்டென்று நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஜேக் பிரேக்கை, அதாவது எஞ்சினைக் கொண்டே வண்டியை மெதுவாக்கும் பிரேக்கை, முதலில் அணையுங்கள். அது பின் சக்கரங்களை மட்டும்தான் இழுத்துப் பிடிக்கும், நீங்கள் சொன்ன வழுக்கலுக்கு அதுவே போதும். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸும் வேண்டாம். வழுக்கினால் ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டு, போகவேண்டிய பக்கம் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள்.

அப்புறம், மைனஸ் இருபதைவிடச் சுழியத்தை ஒட்டிய குளிர்தான் மோசம். ஐஸின் மேல் ஈரம் படர்ந்திருக்கும். பக்கக் கண்ணாடியைத் தாங்கும் தண்டின் முன்விளிம்பைப் பாருங்கள். அங்கே ஐஸ் படிந்தால் சாலையிலும் படிகிறது. முன்னால் போகும் வண்டியின் டயர் நீர் தெறிப்பது திடீரென நின்றாலும் அதே அர்த்தம். பாலங்கள் முதலில் உறையும், வழியிலுள்ள பிரெஞ்ச் ரிவர் ஆற்றுப் பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

வண்டிகளை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்சர் அவசரப்படுத்தினால், "பாதை சரியில்லை, பாரி சவுண்டில் நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டு வழியிலுள்ள அந்த ஊரிலேயே நில்லுங்கள்.