64 ஜிபி வீடியோ மாடி ஏற ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கடையில் ஒரு கம்ப்யூட்டர், மாடியில் எடிட்டிங்குக்கு ஒன்று, நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். 64 ஜிபி கல்யாண வீடியோவை மேலே காப்பி செய்ய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, வேகம் விநாடிக்கு 11 எம்பியைத் தாண்டுவதே இல்லை. நெட் பிளானைக் கூட்டிப் பார்த்தும் பிரயோஜனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பழைய பிளானுக்கே திரும்பிவிடுங்கள். மாடிக்குப் போகிற ஃபைல் உங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போவதே இல்லை, அதற்கும் நெட் பிளானுக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் சொன்ன அந்த 11 தான் துப்பு. காப்பி விண்டோ காட்டுவது பைட் கணக்கு, நெட்வொர்க் வேகம் பிட் கணக்கு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், எட்டால் பெருக்கினால் 88. அதாவது ஜிகாபிட்டில் (விநாடிக்கு 1000 மெகாபிட்) ஓட வேண்டிய லைன் 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்) நிற்கிறது என்று சந்தேகப்படலாம்.

ஆனால் காப்பி வேகத்தில் ஹார்டு டிஸ்க்கின் வேகமும் கலந்திருக்கும். லைனை மட்டும் அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவச புரோகிராம் போதும், அது டிஸ்க்கைத் தொடாமல் மெமரியிலிருந்து மெமரிக்கே டேட்டாவை அனுப்புகிறது. வைஃபையை அணைத்துவிட்டு, மாடி கம்ப்யூட்டரில் அதை சர்வராக ஓடவிடுங்கள் (ஃபயர்வால் கேட்டால் அனுமதி கொடுங்கள்), கீழேயிருந்து மாடியின் ஐபி முகவரியைக் கொடுத்து ஓட்டுங்கள். பத்தே விநாடி. 940 எம்பிபிஎஸ் பக்கம் வந்தால் லைன் சுத்தம், டிஸ்க்கைப் பாருங்கள். 94 பக்கம் வந்தால் கேபிள், ஸ்விட்ச், கம்ப்யூட்டரின் போர்ட் மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. ஸ்விட்ச்சே 100 எம்பிபிஎஸ் மாடலா என்று அடியில் பாருங்கள்.

என் அனுபவத்தில் பாதி நேரம் கேபிள்தான். தருமபுரியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் இதே 94 வந்தது. கேபிள் முனையில் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எட்டு கம்பியில் பிரவுன் கம்பி ஒன்று முனை வரை போகாமல் பாதியிலேயே நின்றிருந்தது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், அதனால்தான் லைன் செத்துப் போகாமல் மெதுவாக ஓடி நம்மை ஏமாற்றுகிறது. கிளிப்பை வெட்டிவிட்டுப் புது கிளிப்பை அழுத்திப் பொருத்தினோம் (கிரிம்ப் செய்தோம்), சரியாகிவிட்டது.

நீங்களும் இரண்டு முனையையும் பாருங்கள், அப்புறம் மறுபடி ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். 900க்கு மேல் வந்து, டிஸ்க்கும் ஈடுகொடுத்தால், அந்த 64 ஜிபி பத்து நிமிடத்தில் மாடி ஏறிவிடும்.