கீமோ இடைவெளியில் ஊருக்குப் போகலாமா? கேள்வி பதில்

புற்றுநோய் டே கேரில் பல வருடம் கீமோ ஏற்றிய நர்ஸ் நான். உங்கள் மருத்துவர் சொல்வதும் நான் சொல்வதும் இடித்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். சரி, ஆரம்பிக்கலாம்.

கேள்வி (விருதுநகர்): அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு கீமோ. பத்தாம் நாள் மதுரையில் அக்கா மகள் கல்யாணம். அம்மா தெம்பாகத்தான் இருக்கிறார்.

பதில்: தெம்பை நம்பாதீர்கள், தம்பி. முதல் வாரம் வாந்தி, சோர்வு. அது விலகி நாக்கில் ருசி திரும்பும்போதுதான் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். பெரும்பாலான மருந்துகளுக்கு அது 7 முதல் 14ஆம் நாள் வரை. கல்யாண மண்டபக் கூட்டத்துக்கு இதைவிட மோசமான தேதி கிடையாது. மூன்றாவது வாரம் என்றால் தாராளமாகச் சொல்லியிருப்பேன். கீமோ தேதியைக் கொஞ்சம் நகர்த்த வழியுண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள்; நீங்களாக கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

போயே ஆக வேண்டும் என்றால், முந்தின நாள் கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) பார்த்து, அவர் சரி என்றால் மட்டும். தாலி கட்டும் நேரத்துக்குப் போய் வாசல் பக்கம் உட்காரட்டும். இலையில் சுடச்சுட இருப்பதைச் சாப்பிடலாம்; பச்சடி, வெட்டிய பழம் வேண்டாம். கிளம்பும் முன்பே மதுரையில் எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்து, ஃபைலைக் கையில் வைத்திருங்கள். காய்ச்சல் 100.4 வந்தால் நள்ளிரவானாலும் அங்கே ஓட வேண்டும். வழியில் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்காதீர்கள்.

கேள்வி (வேலூர்): அப்பா கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை இல்லாத ஏழு நாளில் கிரிவலம் போகலாமா?

பதில்: அந்த மாத்திரை உள்ளங்காலைச் சிவக்க வைத்து உரிக்கும். மருந்து நின்றாலும் தோல் உடனே ஆறாது. 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கவே கூடாது. ஆட்டோவில் சுற்றட்டும், அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: ரயிலில் புற்றுநோய்ச் சலுகையில் பழனி போகலாமா?

பதில்: சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் போகத்தான் சலுகை. முருகனைப் பார்க்க முழு டிக்கெட்.

கேள்வி (திருச்சி): கையில் கீமோ ஏற்றும் பிக் லைன் குழாய் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடலாமா?

பதில்: கவுண்ட் சரியாக இருந்தால் போகலாம், ஆட வேண்டாம். அந்தக் குழாயின் நுனி இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் இருக்கிறது. கட்டு நனைந்தால் கிருமி குழாய் வழியே ரத்தத்துக்குள் போய்விடும். தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். குழாயை வாரம் ஒருமுறை கழுவும் ஃப்ளஷ் தேதிக்குள் திரும்பிவிடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): தீர்த்தத்தில் கிருமி என்பதே நாத்திகப் பேச்சு. எங்கள் மாமா கீமோ ஏற்ற நெஞ்சில் வைத்த போர்ட்டோடு ஆடினார், ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: அண்ணா, நான் பிரதோஷம் தவறாதவள். போர்ட் தோலுக்கு அடியில் இருக்கும். ஊசி எடுத்து, காயம் ஆறியிருந்தால் குளிக்கலாம். பிக் லைன் வெளியே தொங்கும். மாமாவுக்கு ஒன்றும் ஆகாததை வைத்து திருச்சிக்காரரைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கேள்வி (அதே கும்பகோணம்): அப்படியானால் கோயிலில் ஒரு உத்தரணி தீர்த்தம் குடிப்பதும் தப்பா?

பதில்: கவுண்ட் குறைந்த நாளில் குடிக்க வேண்டாம். மற்ற நாளில் உங்கள் இஷ்டம்.

கேள்வி அல்ல (சேலம்): கும்பகோணம் அண்ணாவுக்கு: என் மனைவிக்கு பிக் லைனில் கிருமி ஏறி ஐசியூ வரை போனோம்.

பதில்: நன்றி. தீர்த்தம் இத்தோடு போதும்.

கேள்வி: விமானத்தில்?

பதில்: கேபின் காற்று 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பது மாதிரி. ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மூச்சு வாங்கும், முதலில் அதைப் பாருங்கள். புற்றுநோயில் காலில் ரத்தம் உறையும் அபாயமும் கூட, எழுந்து நடங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் ஊசி கைப்பையில்தான். இன்ஷூரன்ஸை ஏஜெண்டிடம் கேளுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): எனக்கு வயது 64. இரண்டு மாதம் மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். தங்கையைப் பார்க்க கோவை போக ஆசை. மகன்கள் விட மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் இடைவெளி வேறு. இரண்டு மாதத்தில் பெரும்பாலும் கவுண்ட் ஏறிவிடும். ஏன் நிறுத்தினார்கள் என்று ஓபியில் நீங்களே கேளுங்கள், மகன்களை விட்டுக் கேட்க வைக்காதீர்கள். ஸ்கேன் நிலையாக இருந்து கொடுத்த ஓய்வென்றால், அதை வீட்டுக்குள் கழிப்பதற்கா கொடுத்தார்கள்? எலும்பில் பரவியிருந்தால் பேருந்துக் குலுக்கல் வேண்டாம், ரயிலில் கீழ் பெர்த் எடுங்கள். வலி மாத்திரையும் சீட்டும் கூடவே இருக்கட்டும். மகன்கள் பயத்தில் சொல்கிறார்கள். ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள், பயம் பாதி போகும்.

கேள்வி: கீமோ முடிந்து 9ஆம் நாள் கொடைக்கானல் போகலாமா?

பதில்: விருதுநகர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியிருந்தால் குளிரில் விரலெல்லாம் கூசும், அதுவும் சேர்த்து.

கேள்வி: லேசான காய்ச்சல்தான், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் கிளம்பலாமா?

பதில்: கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.