வாசகர் கேள்வி-பதில்: போனுக்கு ஒரு சட்டம், பனியனுக்கு ஒரு சட்டமா?

கேள்வி: 91-ல தாராளமயம் வந்தப்புறம் அரசாங்கம் தொழில்ல தலையிடுறத விட்டுடுச்சுன்னு காலேஜ்ல படிச்சேன். ஆனா செல்போன் கம்பெனிக்கு இன்னும் லைசென்ஸ், ஏலம், டிராய்ங்கற கண்காணிப்பு ஆணையம்னு எவ்வளவோ இருக்கு, எங்க ஊர் பனியன் தொழில யாருமே கண்டுக்கல. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்கு சுண்ணாம்பா? - திருப்பூர் வாசகர்

பதில்: விட்டுடுச்சுங்கறதுதான் தப்புங்க. ரெண்டையுமே விடல, பிடிச்ச இடம்தான் வேற வேற.

போன எடுத்துக்கோங்க. 1994 கொள்கைல தனியார உள்ள விட்டாங்க, ஆனா லைசென்ஸ் குடுக்கறது, விதி போடறது, எதிர்ல போட்டிக்கு நிக்கறது மூணுமே ஒரே தொலைத்தொடர்புத் துறை, அப்பறம் நியாயம் எங்கேர்ந்து வரும்? ஏலத்துல கேட்ட தொகைய கட்ட முடியாம கம்பெனிங்க திணறி, 1997-ல டிராய் வந்து, 1999-ல அந்தக் கட்டணத்த எடுத்துட்டு வருமானத்துல பங்கு குடுத்தா போதும்னு மாத்தி, 2000-ல பிஎஸ்என்எல்ல தனி நிறுவனமாக்கி, இத்தனையும் நடந்தப்புறம்தான் சாதாரண ஜனங்க கைக்கு போன் வந்துச்சு. அந்நிய முதலீடும் 49 சதவீதம், 2005-ல 74, 2013-ல 100-னு ஏறிச்சு. பாத்தா கதவ முழுசா திறந்துட்ட மாதிரிதான் இருக்கும். ஆனா அலைக்கற்றை இன்னும் அரசாங்கத்து கையில, நம்பகமான இடத்துலேர்ந்து வர்ற கருவியத்தான் நெட்வொர்க்ல போடணும்னு 2020 டிசம்பர்ல முடிவு எடுத்தாங்க, கடன்ல தவிச்ச வோடபோன் ஐடியாவோட பாக்கிய பங்கா மாத்தினதுல இப்ப அதுல கிட்டத்தட்ட 49 சதவீதம் மத்திய அரசு கிட்ட. நாட்டு பாதுகாப்பு சம்பந்தப்பட்டதுன்னு நெனைக்கறதால அந்தப் பிடி லேசுல தளராது.

துணில பயம் வேற. வெளிநாட்டுக்காரன் வந்து மில் போட்டா டெல்லில யாரும் கவலப்படப் போறதில்ல, ஆனா தறிக்காரர் வயித்துல அடிச்சா தாங்க முடியாது. அதனாலதான் 1985-ல கைத்தறிக்குன்னு ரகங்கள ஒதுக்கி சட்டம் போட்டாங்க, மில்லுங்க விக்கிற நூல்ல இவ்வளவு சதவீதம் சிட்டா நூலா (கைத்தறிக்காரங்க வாங்கற, கட்டா சுத்தின நூல்) போடணும்னு வச்சாங்க (40 இருந்தத 2019-லதான் 30 ஆக்கினாங்க). பனியனையும் சிறுதொழிலுக்குன்னு ஒதுக்கி, மெஷின்ல இவ்வளவுக்கு மேல பணம் போடக்கூடாதுன்னு வரம்பு. பெரிய அளவுல ஏற்றுமதி பண்றவங்களுக்கு விலக்கு உண்டு, ஆனாலும் வளரணும்னா இருக்கற கம்பெனிய பெருசாக்காம இன்னொரு பேர்ல இன்னொரு யூனிட் போடற பழக்கம் ஊறிப் போச்சு. பின்னலாடைய அந்த லிஸ்ட்லேர்ந்து எடுத்ததே 2005-ல, எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம்னு பணக்கார நாடுங்க வச்சிருந்த கோட்டா முடிஞ்சதும் அதே வருஷம் ஜனவரி 1! அந்த தேதி 1995-லயே எல்லாருக்கும் தெரியும், பத்து வருஷம் கையில இருந்துச்சு. கைத்தறிக்கு குடுத்த பாதுகாப்ப நான் தப்புன்னே சொல்ல மாட்டேன், 2019-20 கணக்குப்படி 35 லட்சம் பேர் அத நம்பி இருக்காங்க. ஆனா தையல் யூனிட்ட இத்தன வருஷம் சின்னதாவே வச்சிருந்தது பெரிய தப்பு.

கேள்வி: சீனாலயும் இப்படித்தானா?

பதில்: அங்க துணிய கை கழுவிட்டாங்க. 1998-ல அரசாங்கமே தன்னோட பழைய மில்லுங்கள்ல நூல் நூக்கற ஸ்பிண்டில்கள உடைச்சுப் போட்டு லட்சக்கணக்கான தொழிலாளிங்கள வீட்டுக்கு அனுப்பிச்சு, தனியார் பாத்துக்கட்டும்னு விட்டுச்சு. போன் மட்டும் இன்னிக்கும் அரசு கம்பெனிங்க கையில.

கேள்வி: ரெடிமேட் ஏற்றுமதில பங்களாதேஷ் நம்மள எப்படி தாண்டிச்சு? பருத்தி கூட அங்க பெருசா விளையறதில்லயே?

பதில்: விளையாததுனாலதான்னு கூட சொல்லலாம், காப்பாத்த வேண்டிய பருத்தி விவசாயி, நூல் மில்லுன்னு அங்க அப்ப அவ்வளவா இல்ல. 1979-ல தேஷ்னு ஒரு கம்பெனி கொரியாவோட டேவூ கூட சேந்து 130 பேர பயிற்சிக்கு அனுப்பிச்சு. அரசாங்கம் ரெண்டு காரியம் பண்ணிச்சு: ஏற்றுமதிக்குன்னா துணிய வரியில்லாம இறக்கி குடோன்ல வச்சுக்கலாம், வெளிநாட்டு ஆர்டரோட எல்.சி.ய (சரக்கு போனா பணம் தர்றோம்னு பேங்க் குடுக்கற உறுதிக் கடிதம்) காட்டினா அத வச்சே துணி வாங்கறதுக்கு பேங்க்ல இன்னொரு எல்.சி. கையில காசு இல்லாதவனும் ஃபேக்டரி ஆரம்பிக்க முடிஞ்சுது, இங்க இத்தன வருஷம் இல்லாத பெரிய பெரிய ஃபேக்டரி அங்க எழும்பிச்சு, அந்த நாட்டு ஏற்றுமதில இப்ப அஞ்சுல நாலு பங்கு ரெடிமேட்தான்.

ஆனா அத அப்படியே காப்பியடிக்கணும்னு யாராவது சொன்னா எனக்கு ராணா பிளாசாதான் ஞாபகம் வருது. 2013 ஏப்ரல் 24. அங்க தையல் ஃபேக்டரிங்க இருந்த, அனுமதி இல்லாம மேல மாடி கட்டின கட்டடம், முந்தின நாளே சுவத்துல விரிசல், கீழ இருந்த பேங்க்கும் கடையும் மூடிட்டாங்க, தையக்காரங்கள மட்டும் வேலைக்கு வரச் சொன்னாங்க. கட்டடம் இடிஞ்சு விழுந்து 1,100 பேருக்கு மேல செத்தாங்க. துணிக்கு வரி தள்ளுபடி பண்ணின அதே அரசாங்கம் அந்த மாடிய பாக்க ஒழுங்கா ஆள் அனுப்பல. அப்பறம் தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு பிராண்டுகளும் போட்ட ஒப்பந்தத்தாலதான் ஆயிரத்துக்கும் மேல ஃபேக்டரிகள்ல இன்ஜினியருங்க போய் தூண தட்டிப் பாத்தாங்க.