இடுப்பில் துப்பாக்கி, வாயில் மன்னிப்பு: தற்காப்பு பற்றிக் கேள்வி பதில்

கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. தற்காப்பு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். அதை வேறொரு நாள் பார்ப்போம்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது அண்ணா. இனி எங்கே வேண்டுமானாலும் தைரியமாகப் போகலாம் அல்லவா?

அப்படி ஒரு தைரியம் வந்திருந்தால், தம்பி, கொஞ்ச நாள் அதை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். துப்பாக்கி இல்லாமல் போகத் தயங்கும் இடத்துக்குத் துப்பாக்கியோடும் போகக் கூடாது.

ஒருமுறை கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் டிக்கியை ஓங்கித் தட்டினார். இடிக்கவில்லை, உரசக்கூட இல்லை. ஆனாலும் அவர் கத்தினார், என் அம்மாவையும் பேச்சில் இழுத்தார். நான் கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கி, "தப்பு என்னுதுதாங்க, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அவமானம்.

ராத்திரி அவனிடம் விளக்கினேன். நான் இறங்கியிருந்தால் வாய்த் தகராறு தள்ளுமுள்ளாகியிருக்கும். அவர் கையில் ஒன்றும் இல்லை, என் இடுப்பில் பிஸ்டல் இருந்தது. கட்டிப் புரளும்போது அது யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஆயுதம் வைத்திருப்பவன் கலந்துகொள்ளும் எந்தக் கைகலப்பும் வெறும் கைகலப்பு அல்ல. அதனால் ரோஷப்படும் வசதி அவனுக்குக் கிடையாது. அப்புறம் இன்னொன்று: சண்டையை ஆரம்பித்து வைத்தவர் நீங்கள் என்று தெரிந்தால், பல நாடுகளில் தற்காப்பு என்ற வாதமே ஆட்டம் கண்டுவிடும்.

கத்தியோடு ஒருவன் 21 அடிக்குள் வந்துவிட்டால் சுடலாம் என்று விதி இருக்கிறதாமே?

அப்படி ஒரு விதி கிடையாது. அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-ல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய எண் அது. பயிற்சி பெற்ற ஒருவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட ஒன்றரை விநாடி ஆகும். சராசரி மனிதன் ஒருவன் அந்த ஒன்றரை விநாடிக்குள் சுமார் 21 அடி ஓடி வந்துவிடுவான். அவர் அளந்தது அவ்வளவுதான். "கத்தி எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும்" என்ற எச்சரிக்கையைக் காலப்போக்கில் "இத்தனை அடிக்குள் வந்தால் சுடு" என்று அனுமதிச் சீட்டாக்கிவிட்டார்கள்.

தூரத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நான் வகுப்பில் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்வேன். உயிரை எடுக்கும் வலு அவனிடம் இருக்கிறதா? இப்போதே, இங்கிருந்தே அதைச் செய்ய முடியுமா? செய்யப்போகிறான் என்று அவன் நடத்தை காட்டுகிறதா? இருபது அடியில் ஒருவன் கத்தியோடு நிற்கிறான், நடுவில் பூட்டிய இரும்புக் கதவு இருக்கிறது என்றால் இரண்டாவது கேள்வியிலேயே தேறாது. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் ஆம் என்று பதில் வந்தால்தான் யோசனையே.

ஓட வழி இருந்தால் ஓடியே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் சில மாநிலங்கள், ஆபத்தில்லாமல் விலக முடிந்தால் விலகித்தான் ஆகவேண்டும் என்கின்றன. புளோரிடா 2005-ல் கொண்டுவந்த சட்டம் அந்தக் கடமையை எடுத்துவிட்டது. இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இதைப் பேசின. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரை அதே இடத்தில் இருக்கின்றன. காவல்துறை போன்ற பொது அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்றும், காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது.

நீங்கள் இருக்கும் ஊரின் சட்டத்தை ஒரு வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் சொந்த அபிப்பிராயம்: நிற்கலாம் என்று சட்டம் சொன்னாலும் ஓட முடிந்தால் ஓடுங்கள். வழக்கில் ஜெயித்தவர்கள்கூட வக்கீல் செலவுக்கு வீட்டை விற்றிருக்கிறார்கள். தாக்க வந்தவன் திரும்பி ஓடினால் விஷயம் அத்தோடு முடிந்தது. முதுகைப் பார்த்துச் சுட்டுவிட்டு, "உயிருக்கு ஆபத்து" என்று யாரிடம் சொல்வீர்கள்?

பயமுறுத்த வானத்தைப் பார்த்து ஒரு வெடி?

கூடாது. மேலே போன ரவை எங்கேயோ இறங்கத்தான் செய்யும். சாதாரண ஒன்பது மில்லிமீட்டர் ரவை ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும்.

நடுராத்திரியில் கீழே சத்தம் கேட்டால் துப்பாக்கியோடு இறங்கிப் பார்ப்பதுதானே முறை?

இல்லவே இல்லை. பிள்ளைகள் உங்கள் பக்கத்திலேயே இருந்தால் அறைக் கதவைத் தாழிட்டு, கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, போலீஸுக்குப் போன் போடுங்கள். "போலீஸ் வந்துகொண்டிருக்கிறது" என்று உரக்கக் கத்துங்கள். திருடன் டிவியை எடுத்துக்கொண்டு போனால் போகட்டும். பிள்ளைகள் வேறு அறையில் இருந்தால் அவர்களிடம் போய்த்தான் ஆகவேண்டும். அதனால் எந்த வழியாகப் போவது, எந்த அறையில் எல்லோரும் சேர்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே நடந்து பார்த்து வையுங்கள்.

என் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. அறையை இருட்டாக்கிவிட்டு, கதவைத் திறந்ததும் ஐந்தடியில் ஓர் அட்டை ஆள் நிற்கிற மாதிரி வைப்போம். வெறும் பிளாஸ்டிக் துப்பாக்கிதான். ஆனாலும் "யார் அங்கே?" என்று கேட்காமலே விசையை இழுக்கிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். விளக்கைப் போட்டால் அட்டை ஆளின் கையில் இருப்பது தண்ணீர்ப் பாட்டில். போன வருடம் ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பேரன் ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும் பழக்கம் உள்ளவனாம்.

எனவே டார்ச் தனியாக இடது கையில் இருக்கட்டும். துப்பாக்கியோடு சேர்ந்த விளக்கால் தேடினால், யாரென்று பார்ப்பதற்கே அவர்மேல் துப்பாக்கியை நீட்டவேண்டி வரும். சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கவேண்டும். பலகைச் சுவரை ரவை சர்வசாதாரணமாகத் துளைத்துவிடும் என்பதால், குறிக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்பதும் உங்கள் கணக்கில் வரவேண்டும்.

துப்பாக்கி வேண்டாம் சார், மிளகு ஸ்ப்ரே போதுமா?

பலருக்கு அதுதான் பொருத்தம். தவறாகப் பயன்படுத்திவிட்டாலும் பெரும்பாலும் கண்ணைக் கழுவினால் சரியாகிவிடும். எதிர்காற்றில் அடித்தால் உங்கள் முகத்துக்கே வரும், மூடிய அறையில் எல்லோரும் சேர்ந்து இருமவேண்டியதுதான். காலாவதித் தேதியையும் பாருங்கள். பிரிட்டனில் சாதாரண ஆட்கள் வைத்திருப்பதே குற்றம். பயணம் போகும்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு வேலை போய்விட்டது. யாரிடமும் பேசுவதில்லை. வீட்டில் அப்பாவின் துப்பாக்கி இருக்கிறது. இதை இங்கே கேட்கலாமா?

கட்டாயம் கேட்கலாம். இன்றைக்கே அதை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோங்கள். உரிமம் பெற்ற கடை, காவல் நிலையம், உங்கள் ஊர்ச் சட்டம் எங்கே ஒப்படைக்க அனுமதிக்கிறதோ அங்கே. தம்பிக்குத் தெரியாத பூட்டு போதும் என்று நினைக்காதீர்கள், சொந்த வீட்டில் சாவி இருக்கும் இடம் யாருக்குத்தான் தெரியாது? அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அந்த எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி வந்து போகும். அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் இருக்கக் கூடாது. அப்புறம் தம்பியிடம் நேராகக் கேளுங்கள், "சாகணும்னு தோணுதா?" என்று. கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. மருத்துவரிடம் நீங்களே கூட்டிப்போங்கள்.

சுட வேண்டி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஐந்து நிமிடம் என்ன செய்வது?

ஆபத்து நீங்கியதா என்று பாருங்கள். அவசர எண்ணுக்கு நீங்களே முதலில் போன் செய்து, இடத்தையும் ஆம்புலன்ஸ் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். வருகிற போலீஸுக்கு நல்லவன் யார் என்று தெரியாது. அவர்கள் வரும்போது உங்கள் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது, கைகள் வெளியே தெரியவேண்டும். அடிபட்டவனுக்கு உதவ முடிந்தால் உதவுங்கள். காது அடைத்திருக்கும், எத்தனை முறை சுட்டோம் என்பதே மறந்திருக்கும், அந்த நிலையில் முழுக்கதை சொல்ல உட்காராதீர்கள். "என்னைத் தாக்கினான், ஒத்துழைக்கிறேன், வக்கீல் வந்ததும் பேசுகிறேன்" என்பது போதும்.

பதினெட்டு வருடத்தில் நீங்கள் ஒருமுறையாவது யார்மீதாவது எடுத்திருக்கிறீர்களா சார்?

இல்லை. உறை மட்டும் இரண்டு முறை தேய்ந்துபோய் மாற்றியிருக்கிறேன்.