பந்தும் படிப்பும் தொண்டும்: கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பதில்கள்

பதில் தருபவர்: மதுரையில் கல்லூரி உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

திருமங்கலம், முதலாண்டு மாணவர்: ஐயா, காலையில் கால்பந்துப் பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் நாட்டு நலப்பணித் திட்ட வேலை. எதை விடுவது?

எதையும் விட வேண்டாம் தம்பி. நலப்பணித் திட்டம் கேட்பது ஆண்டுக்கு 120 மணி நேரம். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட வராது. அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். பயிற்சி முடிந்ததும் மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து கைபேசி பார்க்கிறீர்களே, அந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். அங்கே படியுங்கள்.

மேலூர், ஒரு தாய்: மகளுக்கு மதிப்பெண் குறைகிறது. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா?

போட்டி இல்லாத மாதங்களிலும் குறைகிறதா என்று பாருங்கள் அம்மா. அப்போதும் குறைந்தால் காரணம் பந்து அல்ல.

சோழவந்தான் மாணவர்: வெளியூர்ப் போட்டிகளால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது.

புறப்படும் முன்பே உடற்கல்வித் துறையின் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி வையுங்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த நல்ல ஆட்டக்காரர்கள் தேர்வு எழுத முடியாமல் நின்றதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பழங்காநத்தம் மாணவர்: வெள்ளிக்கிழமை ரத்ததான முகாம், திங்கட்கிழமை அரையிறுதி. கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம். தொடர் முடிந்ததும் கொடுங்கள்.

உசிலம்பட்டி, முன்னாள் ஆட்டக்காரர்: உயிரைவிடக் கோப்பை பெரிதா? நாங்கள் கொடுத்துவிட்டு மறுநாளே ஆடினோம். பிள்ளைகளுக்குச் சுயநலத்தைக் கற்பிக்காதீர்கள்.

கோப்பைக்காகச் சொல்லவில்லை ஐயா. ஒருமுறை எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர். அதில் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். மூச்சுக் காற்றைத் தசைக்குக் கொண்டுபோகும் சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வரப் பல வாரங்கள் ஆகும். நடந்து திரிகிறவருக்கு அது தெரியாது. மதுரை வெயிலில் 90 நிமிடம் ஓடுகிறவனுக்குத் தெரியும். மயங்கி விழுந்தவனை நான் தூக்கியிருக்கிறேன். தானம் வேண்டாம் என்றா சொன்னேன்? கோடை விடுமுறையில் கல்லூரி முகாம்கள் இருப்பதில்லை. ரத்த வங்கிகளுக்குத் தேவையோ நிற்பதில்லை. 18 வயதும் 45 கிலோ எடையும் நிரம்பி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருந்தால் அப்போது போய்க் கொடுக்கட்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

அவரே மீண்டும்: போட்டிக்கு முந்தைய நாள் ஒரு நோயாளிக்காக அவசரமாகக் கேட்டால்?

உடனே போக வேண்டும். போய்விட்டு, மறுநாள் ஆடாமல் உட்கார வேண்டும். எங்கள் கோல்காப்பாளர் ஒருமுறை அப்படித்தான் போனார். நானே அனுப்பினேன். இரண்டாம் கோல்காப்பாளரை நிறுத்தித் தோற்றோம். இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை.

வாடிப்பட்டி மாணவர்: கணுக்கால் வீங்கியிருக்கிறது. கட்டுப்போட்டு ஆடலாமா?

கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

அலங்காநல்லூர் மாணவர்: போட்டிக்குப் போனதால் வருகைப் பதிவு...

சோழவந்தான் மாணவருக்குச் சொன்னதைப் படியுங்கள். கடிதம், புறப்படும் முன்பே!

திருப்பரங்குன்றம் மாணவி: சனிக்கிழமைதோறும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத் தர ஆசை. தொண்டாகச் சேருமா?

இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். உங்கள் நலப்பணித் திட்ட அலுவலரிடமும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அதை 120 மணி நேரக் கணக்கில் சேர்ப்பது பற்றி அலுவலர் சொல்வார். காலை ஏழு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடியுங்கள். குடிதண்ணீர் வையுங்கள். முதல் நாளே வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெண் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பொதுவாக அறிவித்தால் பையன்கள் மட்டும்தான் வந்து நிற்பார்கள்.