ஆம்பிளைப் பிள்ளைக்கு நேர்ஸிங்கா?

கேள்வி: அண்ணா, நான் நேர்ஸிங் ட்ரெயினிங் செய்யிறன். உப்புவெளியில சொந்தக்காரர் எல்லாம் "அது பொம்பிளையளின்ட வேலையெல்லோ" எண்டினம். வாட்டில பெண் நோயாளியளிட்ட போகவும் கூச்சமா இருக்கு.
- வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, இது உங்களோட துவங்கின கதை இல்ல. பிரிட்டனில ரோயல் கொலிஜ் ஒஃப் நேர்ஸிங் எண்ட நேர்ஸ்மாரின்ட சங்கம் ஆம்பிளையள மெம்பரா சேத்ததே 1960லதான், அமெரிக்காவில ஜோ ஹோகன் எண்டவர் பெண்கள் யூனிவர்சிட்டியில நேர்ஸிங்குக்கு எடுக்கேல்ல எண்டு வழக்குப்போட்டு 1982ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் வெண்டவர். கூச்சத்துக்கு, முதல்ல உங்கட பேரைச் சொல்லி என்ன செய்யப்போறன் எண்டு விளக்கி "செய்யட்டோ அம்மா" எண்டு கேளுங்கோ, திரைய இழுத்துவிடுங்கோ, அவ வேண்டாம் எண்டா பெண் நேர்ஸக் கூப்பிடுங்கோ, அது உங்களுக்குக் குறைச்சல் இல்ல. ஆனா பாரம் தூக்க மட்டும் உங்களக் கூப்பிட்டா சிஸ்டரிட்ட சொல்லுங்கோ, நானும் எல்லா வேலையும் பழகோணும் எண்டு.