46 வயதில் ஏ.டி.எச்.டி. என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. நீடாமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். கணவர் விவசாயம் பார்க்கிறார், பி.காம். படித்த நான் வீட்டையும் வயல் கணக்கையும் பார்த்துக்கொள்கிறேன். திருச்சியில் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குச் சென்ற ஆண்டு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) இருப்பதாகக் கண்டறிந்தார்கள். அவளுடன் போயிருந்தபோது மருத்துவர் கேட்ட கேள்விகளெல்லாம் என்னைப் பார்த்துக் கேட்பதுபோல இருந்தன. அதனால் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். இரண்டு முறை நீண்ட நேரம் பேசிய பிறகு, எனக்கும் அதுவே என்கிறார். பள்ளியில் நான் அமைதியான பெண்தான். ஆனால் எந்நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன், ஜியாமெட்ரி பாக்ஸ் மாதத்துக்கு ஒன்று தொலையும். மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமியார் இறந்தார். அதன் பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. பால் தினமும் பொங்கி வழிகிறது, நகைக்கடன் ரசீதைத் தொலைத்தேன், சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளைத் தவறவிட்டேன். தைராய்டுக்கு மாத்திரையும், ஐந்து ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு ஃப்ளூஆக்ஸிடினும் சாப்பிடுகிறேன். ஓராண்டாக மாதவிடாயும் சீராக இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு நோய் வருமா? கைபேசியால் வந்தது என்கிறார் கணவர். இதற்கான மருந்து போதை மருந்து வகை என்கிறார்கள்; சாப்பிடலாமா? மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

மருத்துவர் பதில்:

இந்த வயதில் ஏ.டி.எச்.டி. வராது, ஆனால் இந்த வயதில் கண்டறியப்படலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை இருக்கிறது. இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு தன்மை என்பதால், அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது மனநல மருத்துவத்தில் இன்று பின்பற்றப்படும் விதி. உங்கள் கணவரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: மாதம் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸைத் தொலைத்த காலத்தில் உங்கள் கையில் கைபேசி இல்லை.

‘கவனக்குறைவு’ என்ற பெயரே இதைத் தவறாகப் புரிந்துகொள்ள வைக்கிறது என்பது என் கருத்து. உங்களைப் போன்றவர்களிடம் கவனம் குறைவாக இருப்பதில்லை. பிடித்த வேலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டையும் மறந்து நான்கு மணி நேரம் அசையாமல் செய்துவிடுவார்கள். மேட்டூரில் தண்ணீரே இல்லாமல் போவது வேறு. அணையில் தண்ணீர் இருந்தும் முறைவைத்து விடுவதில் கோளாறு ஏற்பட்டு, தலைமடையில் உடைப்பெடுத்து ஓட, கடைமடை காய்ந்து கிடப்பது வேறு. இது இரண்டாவது வகை. எந்த வேலைக்கு எப்போது எவ்வளவு கவனத்தைத் திறந்துவிட வேண்டும் என்று முறைப்படுத்துகிற மூளைப் பகுதிகள், டோபமைன், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள்களை நம்பி வேலை செய்கின்றன. அந்த ஏற்பாட்டில் உள்ள வேறுபாடுதான் ஏ.டி.எச்.டி. இதில் மரபணுவின் பங்கு மிகப் பெரியது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதை 70 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். உங்கள் வீட்டில் சேலையைப் பார்த்து நூலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிள்ளையை அழைத்துவந்த இடத்தில் தாய்க்கும் தெரியவருவது நாங்கள் அடிக்கடி காண்பதுதான்.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதில் எங்கள் துறையின் பங்கும் உண்டு. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் தம்மிடம் வந்த 43 குழந்தைகளைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளை இந்நோயின் தொடக்கக்கால விவரிப்பாகச் சொல்வது வழக்கம். அவர் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆண் குழந்தைகள். 1968இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைக் குழந்தைப் பருவத்து மிகையியக்கமாகவே பார்த்தது. கவனச் சிக்கல் பெயரிலேயே இடம்பெற்றது 1980இல்தான். வயது வந்தோருக்கென அளவுகோல் தளர்த்தப்பட்டு, ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதும் என்றானது 2013இல். நீங்கள் தொடக்கப் பள்ளியில் படித்த 1980களின் பிற்பகுதியில், இது ஓரிடத்தில் நில்லாமல் ஓடும் பையன்களுக்கு உரியது, மீசை முளைக்கும்போது தானாகப் போய்விடும் என்றுதான் மருத்துவர்களே பெரும்பாலும் நினைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அவளைச் சமர்த்து என்று சொல்லிவிட்டு, பின்வரிசைப் பையனை அடிக்கப் போய்விடுவார்கள். சிறுவயதில் மருத்துவமனைக்கு அழைத்துவரப்படுவோரில் பெண்ணுக்கு மூன்று பையன் என்பதுபோல இருக்கும் கணக்கு, வயது வந்தோரிடையே ஏறக்குறைய சமமாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி மாமியாரைப் பற்றியது. அவர் இறந்த பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டுக் குடும்பத்தில், விடியற்காலையில் வாசல் தெளிப்பதிலிருந்து இரவு உறை ஊற்றுவது வரை எந்த வேலை எந்த நேரத்தில் என்று ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். பாலை அடுப்பில் வைத்தாயே பார்த்தாயா, நாளை வட்டி கட்ட வேண்டுமே ரசீதை எடுத்து வைத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் உங்களுக்கு எரிச்சலூட்டியிருக்கலாம். ஆனால் உங்கள் மூளை செய்ய வேண்டிய முறைப்படுத்தும் வேலையை இருபது ஆண்டுகளாக வெளியிலிருந்து அவர் செய்துகொண்டிருந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவர் போனார், அதே நேரத்தில் வயல் கணக்கும் கைக்கு வந்தது, மகளும் விடுதிக்குப் போய்விட்டாள். முன்பிருந்த தாங்குகட்டைகள் ஒன்றாக விலகியபோது, முன்பே இருந்த சாய்வு வெளியே தெரிந்திருக்கிறது.

இதோடு மாதவிடாய் நிற்கும் காலமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 46, 47 என்பதால், உங்களுக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் டோபமைனின் வேலைக்குத் துணைநிற்பது. அது ஏறி இறங்கத் தொடங்கும்போது, ஏ.டி.எச்.டி. இல்லாத பெண்களுக்கே மறதியும் தூக்கக்கேடும் எரிச்சலும் வரும், இருப்பவர்களுக்கு அதுவரை சமாளித்ததும் சமாளிக்க முடியாமல் போகும். ஆகவே, சிறுவயதில் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் இருந்து 45 வயதில்தான் மறதி தொடங்கியது என்று ஒரு பெண் சொன்னால், அதை ஏ.டி.எச்.டி. என்று நான் ஒப்ப மாட்டேன். வேறு காரணத்தைத் தேடுவேன். உங்கள் கதை அப்படியில்லை.

ஆனாலும் மருந்து தொடங்குவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்த்தே ஆக வேண்டும். கடைசியாக டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து எவ்வளவு காலமாயிற்று? தைராய்டு மாத்திரை போதாமல் இருந்தால் மந்தமும் மறதியும், அதிகமாக இருந்தால் படபடப்பும் நிலைகொள்ளாமையும் வரும், இரண்டுமே ஏ.டி.எச்.டி.யைப் போலத் தோன்றும். மாத்திரை விழுங்கியதும் காப்பி குடிப்பவரா என்பதையும் கேட்கிறேன். காப்பி அந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். (கும்பகோணம் டிகிரி காப்பிக்குப் பழகிய ஊர்க்காரர்களிடம் விடிந்தும் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அனுபவத்தில் அறிவேன்.) மாதவிடாய் தாறுமாறாகி உதிரப்போக்கு அதிகமிருந்தால் ரத்தசோகையைப் பாருங்கள், வைட்டமின் பி12 அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இரவில் பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஃப்ளூஆக்ஸிடினை வீணாகச் சாப்பிட்டுவிட்டோமோ என்று நினைத்து நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. கண்டறியப்படாத ஏ.டி.எச்.டி.யோடு வாழும் பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வருவது மிகுதி. சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்ற பேச்சை முப்பது ஆண்டுகள் கேட்டால் யாருக்குத்தான் மனம் நொறுங்காது? அந்த மனச்சோர்வு உண்மையானது, அதற்கான சிகிச்சையும் தேவையானதே. அதற்கு அடியில் இருந்ததைப் பார்க்காமல் விட்டதுதான் எங்கள் தரப்புத் தவறு. ஆனால் இந்த மாத்திரையைப் பற்றி ஒன்று முக்கியம்: ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் அட்டமோக்ஸெடின் என்ற மருந்தை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை ஃப்ளூஆக்ஸிடின் தடுக்கும். இரண்டும் சேரும்போது அட்டமோக்ஸெடின் ரத்தத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் தேங்கும் என்பதால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகவே ஏற்ற வேண்டும். உங்கள் மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

போதை மருந்து என்று நீங்கள் கேள்விப்பட்டது மெதில்ஃபெனிடேட்டைப் பற்றியதாக இருக்கும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் அது இருப்பது உண்மை. அதனால்தான் மருத்துவரின் சீட்டில்லாமல் அதைத் தர மாட்டார்கள், சின்ன ஊர் மெடிக்கல்களில் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் மருத்துவர் சொன்ன அளவில், வாய்வழி, கண்காணிப்போடு சாப்பிடுகிறவர்கள் அதற்கு அடிமையாகும் வாய்ப்பு குறைவு. அளவு மீறிச் சாப்பிடுவதும் பொடித்து மூக்கால் உறிஞ்சுவதும்தான் ஆபத்து. சாதாரண வகை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறும். ஆகவே இதயக் கோளாறு உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவதோ இளவயதில் இருந்ததா என்று கேட்டு, அழுத்தம் பார்த்த பிறகே தொடங்குவார்கள். இதைச் சாப்பிடும்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர் காப்பி வேண்டாம், நெஞ்சு படபடக்கும். அட்டமோக்ஸெடின் அந்தப் பட்டியலில் இல்லை, பழக்கமும் ஆகாது. ஆனால் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரங்களாவது ஆகும், தொடக்கத்தில் குமட்டலும் வாய் உலர்வும் இருக்கும். கண்ணில் கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருப்பதாக யாராவது சொல்லியிருந்தால் எந்த மருந்துக்கு முன்னாலும் அதைத் தெரிவியுங்கள். உங்கள் மாத்திரையை மகளும் மகளுடையதை நீங்களும் எடுத்துக்கொள்வது எந்த அவசரத்திலும் கூடாது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் மருந்தை மறுக்க மாட்டேன், ஆனால் மருந்தை மட்டும் நம்பியும் இருக்க மாட்டேன். மாமியார் செய்த வேலையைப் பொருள்களிடமும் மனிதர்களிடமும் பிரித்துக் கொடுக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியில், காப்பீட்டுக் கடைசி நாளன்று எழுதி வைத்துப் பயனில்லை. பத்து நாள் முந்தைய தாளில் எழுதுங்கள், அன்றே முடித்துவிடலாம். பட்டா, சிட்டா, அடங்கல் நகல், நகைக்கடன் ரசீது எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில்; வேறு இடமே கிடையாது என்று வீட்டில் அனைவருக்கும் தெரியட்டும். பால் அடுப்பில் இருக்கும்வரை அடுக்களையை விட்டு நகர்வதில்லை என்ற வைராக்கியம் உங்களுக்கு நிற்காது. கைபேசியில் ஐந்து நிமிட மணி வையுங்கள். வயல் கணக்கை எழுதும் மாலையில் ஓரகத்தியையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ திண்ணையில் கூட உட்கார்ந்து அரிசி பொறுக்கச் சொல்லுங்கள். அவர் எதுவும் பேச வேண்டாம், அருகில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தாலே பலருக்குக் கவனம் நிற்கிறது. இவற்றை முறையாகக் கற்றுத்தரும் நடத்தைவழி உளவியல் சிகிச்சையும் உண்டு. வண்டி ஓட்டுகிறீர்கள் என்றால் வாய்க்கால் கரைச் சாலையில் மிகுந்த எச்சரிக்கை தேவை, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு விபத்து வாய்ப்பு சற்று அதிகம்.

வரன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் நோய் விவரத்தை, சட்டம் அனுமதிக்கும் சில சூழ்நிலைகளைத் தவிர, உங்கள் சம்மதமின்றி மருத்துவமனை வெளியிட முடியாது. மகளுடையதை யாரிடம், எப்போது சொல்வது என்பது மகளின் உரிமை. மணக்கப் போகிறவரிடம் அவளே சொல்வது நல்லது என்று நினைக்கிறேன், தரகரிடம் நீங்கள் சொல்லத் தேவையில்லை.

தஞ்சாவூர் போக முடியாத நாட்களில் அரசின் டெலி-மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, கிடைத்தால் பழைய பள்ளி முன்னேற்ற அட்டையையும், உங்கள் தாயார் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பேருந்துப் பயணம் அவருக்கு முடியாதென்றால் மருத்துவரின் அறையிலிருந்தே தொலைபேசியில் பேச வையுங்கள். பத்து வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை.